நட்புறவு நகரில் வாகனம் நிறுத்துதல்

நட்புறவு நகரில் நல்லரத்தினத்தைத் தவிர வேறு எவரிடமும் வாகனம் இல்லை. வாகனம் நிறுத்துவதற்கான ஒழுங்குவிதிகள் மட்டும் நிறைய இருந்தன. சைக்கிள் வாகனம் ஆகாது என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே தீர்மானித்திருந்தார்கள். சங்கத் தலைவரிடம் சைக்கிள் இருந்தது. ஆகவே அத்தனை விதியும் நல்லரத்தினத்தின் பழைய பச்சை ஓட்டோவையே சுற்றிச் சுற்றி வந்தன.

கடல் வந்து கரையோரத்தை வழித்துக்கொண்டு போன பிறகு, ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாவிக்கரையில் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டம் அது. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி மதில், ஒரே மாதிரிச் சின்னக் கேற். கேற்றுக்குள்ளால் ஒரு ஆளும் ஒரு தண்ணிக் குடமும் போகலாம், ஓட்டோ போகாது. நல்லரத்தினம் அதைச் சொன்னபோது வெள்ளைக்கார எஞ்சினியர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்ட கையோடு விமானம் ஏறிவிட்டார்.

போகிறபோது நிறுவனம் ஒரு குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கத்தை உண்டாக்கிவிட்டுப் போனது. றப்பர் முத்திரை, ஒலிபெருக்கி, நீலநிறப் பிளாஸ்ரிக் கதிரைகள் எல்லாம் கொடுத்தது. ஒரு பெட்டி நிறைய நங்கூரச் சங்கிலியும் ஆமைப்பூட்டும் வந்து சேர்ந்தன. படகுகளோடு வந்திருக்க வேண்டியவை அவை. படகுகள் வேறெங்கோ போய்விட்டன.

சங்கம் முதலில் தண்ணீர் மோட்டரை நிர்வகித்தது. மோட்டர் எரிந்துபோனது. பிறகு சிறுவர் பூங்காவை நிர்வகித்தது. ஒரு மாரியில் அது வாவிக்குள் இறங்கிவிட்டது. நிர்வகிக்க இனி என்ன மிச்சம் என்று பார்த்தபோது பெரிய வீதியிலிருந்து வாவிவரைக்கும் போகிற அகலமான கிறவல் வீதி ஒன்று கண்ணில் பட்டது. அது பிரதேச சபையின் வீதி. அதுதான் தலைவர் வினாயகமூர்த்திக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம்.

வினாயகமூர்த்தி மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் இருக்கும்போதும் சட்டைப்பையில் பேனை குத்தியிருப்பார். ஓட்டோவை வீதியில் விடக்கூடாது என்று முதல்தடவை சொல்ல வந்தபோது அவர் வெகு பொறுமையாக விளக்கினார்.

"நல்லரத்தினம், இந்த றோட்டு ஆருட?"

"பொதுறோட்டு ஐயா. சபைட றோட்டு."

"பொது எண்டா என்ன? எல்லாருக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தமான இடத்தில ஒராள்ட வாகனம் நிண்டா, மத்த ஆக்கள்ட சொந்தம் எங்க போகும்?"

நல்லரத்தினம் யோசித்துப் பார்த்தான். எங்கோ பிழை இருப்பது தெரிந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"அப்ப எங்க ஐயா விடுற?"

"அது சங்கத்தின்ட வேலையில்ல. எங்க விடக்கூடாது எண்டு சொல்லுறதுதான் சங்கத்தின்ட வேலை."

பிறகு மனமிரங்கி ஒரு சலுகை தந்தார்கள். சொந்த மதில் ஓரமாக ஓட்டோவை விடலாம். ஆனால் முகப்பு மேற்கே பார்க்க வேண்டும். திரும்பவும் கடல் வந்தால் கிழக்கேயிருந்துதான் வரும், வாகனம் திருப்பிக்கொண்டிராமல் உடனே ஓட வேண்டும் என்பது காரணம். மேற்கே ஓடினால் வாவிக்குள்தான் போய் விழ வேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பாதுகாப்புக் காரணத்துக்காக இன்னொரு விதி வந்தது. ரோந்து வருகிற ஆமிக்காரருக்கு இலக்கத்தகடு தெளிவாகத் தெரிவதற்காக ஓட்டோ கிழக்கே பார்க்க வேண்டும். இரண்டு விதிகளும் முட்டிக்கொண்டபோது சங்கம் ஒரு நடுவழி கண்டுபிடித்தது: பகலில் மேற்கே, இருட்டினால் கிழக்கே. சுனாமி பகலில் வந்தது, மற்றவை இரவில் வந்தன என்று கூட்டத்தில் விளக்கம் சொன்னார்கள்.

நல்லரத்தினம் அதற்கும் உடன்பட்டான். பொழுதுபட ஒருக்கால், விடிய ஒருக்கால், ஓட்டோவைத் தள்ளித் தள்ளித் திருப்புவான். எதற்கும் உடன்பட்டுப்போகிற நிலையில்தான் அவன் அந்த வருடம் இருந்தான். காரணம் மகள் நிருஷா.

சுனாமியில் பிள்ளையின் தம்பியைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தாய் கேதீஸ்வரிக்கு மகளைக் கடல் சத்தம் கேட்கிற இடத்தில் வைத்திருக்க மனம் வரவில்லை. கிளிநொச்சியில் அவளுடைய தமக்கை இருந்தாள். அங்கே கடலும் இல்லை, அப்போது சண்டையும் இல்லை. படிக்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிக்கொண்டது. கடைசி மாதங்களில் அவளையும் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்த இடம் கடற்கரைதான். பிள்ளை உயிரோடு வந்தாள், இடதுகாலில் செல்குண்டுத் துண்டோடு. முழங்கால் மடங்காது. இப்போது வெலிகந்தைப் பக்கம், இயக்கத்தில் இருந்தவர்களை அடைத்துக் காலையும் மாலையும் ஆள் எண்ணுகிற ஒரு புனர்வாழ்வு முகாமில் இருந்தாள்.

மாதத்தில் ஒருநாள் பார்க்க விட்டார்கள். அப்படிப் பார்க்கப் போன ஒருநாள் முகாமில் ஒரு அதிகாரி, வருகிற வியாழக்கிழமை காலையில் தாய் தகப்பன் இரண்டுபேரும் வந்து கையெழுத்து வைத்தால் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்றார். பிந்தினால் அடுத்த தொகுதியோடுதான் என்றார். அடுத்த தொகுதி எப்போது என்று அவருக்கும் தெரியாது. பஸ்ஸில் நிருஷாவால் வரமுடியாது. அந்தச் சனத்துக்குள் நீட்டின காலோடு நிற்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. ஓட்டோவின் பின்சீற்றில் காலை நீட்டிப்போட்டுக்கொண்டு வரலாம். வரும் வழியெல்லாம் நல்லரத்தினம் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். வந்த சந்தோசத்தில், இருட்டிவிட்டதை மறந்து, ஓட்டோவை மேற்கே பார்க்க விட்டுவிட்டுப் போய்ப் படுத்தான்.

விடிந்தபோது ஓட்டோவின் முன்சில்லு நங்கூரச் சங்கிலியால் மின்கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தது.

வீதி ஒழுங்கு உபகுழுவின் பொறுப்பாளர் பீற்றிஸ் பக்கத்தில் நின்றான். சங்கத்தில் சேருவதற்கு முன்னால் நல்ல பொடியன், நல்லரத்தினத்தின் ஓட்டோவிலேயே கல்யாண மாப்பிள்ளையாகப் போனவன்.

"தம்பி, இப்ப விடிஞ்சிட்டுது. விடிஞ்சா மேற்கதானே பாக்கோணும். சரியாத்தானே நிக்குது?"

"இப்ப சரி அண்ணன். நான் கட்டக்குள்ள பிழை."

"அப்ப கழட்டிவிடன்."

"கழட்டுறதுக்கு எனக்கு அதிகாரமில்ல. கட்டுறதுக்குத்தான் தந்திருக்கு. கழட்டுறது நிர்வாக சபை. நிர்வாக சபை மாதத்தில ஒருக்கா, பறுவ நிலாவுக்குத்தான் கூடும்."

"பறுவம் வியாழன் கழிஞ்செல்லோ வருது. வியாழன் என்ட பிள்ளைய விடுறாங்க."

பீற்றிஸின் முகம் ஒரு கணம் பழைய பீற்றிஸின் முகமாக இருந்தது. பிறகு அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு, "மனுப் போடுங்க" என்றான்.

நல்லரத்தினம் பிரதேச சபைக்கு நடந்து போனான். அங்கே ஒரு உத்தியோகத்தர் கேட்டுவிட்டுக் கொதித்துப்போனார். பொதுவீதியில் வாகனத்தைக் கட்ட இவர்கள் யார் என்று கேட்டார். உடனேயே சபையின் உழவு இயந்திரத்தில் ஏறிவந்து, அதைத் தலைவரின் வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே போய்ச் சட்டத்தை விளக்கினார். வினாயகமூர்த்தி முழுவதையும் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒத்துக்கொண்டு, தேநீரும் கொடுத்து அனுப்பினார். உத்தியோகத்தர் வெளியே வந்தபோது உழவு இயந்திரத்தின் பெரிய சில்லில் சங்கிலி கிடந்தது. பிறகு, தனக்கு இந்தப் பிரதேசம் இல்லை, பதில் கடமைக்குத்தான் வந்ததென்று நல்லரத்தினத்திடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பெரிய வீதிவரை நடந்துபோய் பஸ் ஏறினார்.

"பூட்ட உடைச்சா என்ன?" என்றாள் கேதீஸ்வரி. "வாங்க ரெண்டுபேருமாப் போய் உடைப்பம்."

நல்லரத்தினத்துக்கும் கை துடித்தது. ஆனால் அன்று பின்னேரம் வினாயகமூர்த்தி அவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு இருத்திப் பேசினார்.

"மகள விடுறாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். சந்தோசம். சங்கத்தின்ட குடியிருப்பு நற்சான்று கையில இருக்கா?"

"கிராம சேவகர், ஜி.எஸ். தந்த கடிதம் இருக்கு ஐயா."

"ஜி.எஸ். என்ன, இஞ்சயே குடியிருக்கிறார்? இந்தத் தாய் தகப்பன் எப்பிடிப்பட்ட ஆக்கள், பிள்ளைய நம்பி விடலாமா எண்டு பக்கத்தில இருக்கிற நாங்கதானே சொல்லோணும். விட்டதுக்குப் பிறகும் மாதாமாதம் கேப்பாங்க. நான் நல்லாத்தான் எழுதுவன். ஆனா, பூட்டு உடைச்ச மனிசனுக்கு நான் என்னெண்டு எழுதுற?"

அவர் மிரட்டியது போலவே இல்லை. உண்மையிலேயே கவலைப்படுகிற ஒருவரின் குரலில்தான் சொன்னார். அப்படி ஒரு கடிதம் வேண்டுமா, வேண்டாமா என்று யாரைக் கேட்பது? கேட்கப்போய், இல்லாத ஒன்றை அவர்களுக்கு நினைவுபடுத்திவிட்டால்? அன்றைக்குக் கேதீஸ்வரி பிசைந்து கொடுத்த சோற்றை அவன் கோழிக்குப் போட்டுவிட்டான்.

அவன் ஒவ்வொரு நிர்வாக உறுப்பினரின் வீட்டுக்கும் போய்க் கும்பிட்டு நின்றதில், புதன்கிழமை பின்னேரம் விசேட கூட்டம் ஒன்று கூடியது. ஓட்டோவைச் சுற்றி வட்டமாகக் கதிரைகள் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். வினாயகமூர்த்தி எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"உறவுகளே, சிலபேர் கேக்கிறாங்க, இந்தச் சின்ன விசயத்துக்கு ஏன் இவ்வளவு எண்டு. கடல் வந்தது. எங்களக் கேட்டா வந்தது? இயக்கம் வந்தது, ஆமி வந்தது, அதிரடிப்படை வந்தது. ஆராவது எங்களக் கேட்டு வந்தாங்களா? என்ட மனிசி சீதேவிப்பிள்ளை கடல் வந்த அண்டைக்குக் கிணத்தடியில நிண்டவ. ஒரு சத்தம். அவ்வளவுதான்." அவர் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "ஒண்டையும் எங்களால மறிக்க ஏலாமப் போச்சு. இண்டைக்கு நாங்க மறிச்சா நிக்கிறது ஒண்டு இருக்கு. அது இந்த ஓட்டோதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நல்லரத்தினமும் தட்டினான். தட்டாவிட்டால் கடிதம் கிடைக்காமல் போகும் என்பது மட்டும் காரணமில்லை. அந்த மனிதருக்காகவும்தான் தட்டினான். அவனுக்கும் ஒரு மகனைக் கேட்காமல் கொண்டுபோனது அதே கடல்தான்.

தீர்மானம் கருணையோடு நிறைவேறியது. ஓட்டோவை விடுவிக்கலாம், ஆனால் விடுவிக்கும்போது அது விதிப்படி நிற்க வேண்டும். கூட்டம் முடிவதற்குள் இருட்டிவிட்டபடியால் விதிப்படி அது கிழக்கே பார்க்க வேண்டும். அது மேற்கே பார்த்தது.

"திருப்பிவிடுறன் ஐயா. பூட்டத் திறந்தா ஒரு தள்ளுத்தான்."

"திருப்பினாத்தானே திறக்கலாம்" என்றார் வினாயகமூர்த்தி அன்பாக.

உபகுழு ஆள்பிடித்து ஓட்டோவைத் தூக்கியது. தூக்கிக்கொண்டு மின்கம்பத்தை ஒரு அரைச்சுற்றுச் சுற்றினார்கள். சங்கிலி கம்பத்தில் சுற்றிக்கொண்டு குறுகியது. ஓட்டோ இப்போது தெற்கே பார்த்தது. தெற்கு விதியில் இல்லை. மறுபக்கமாகச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் மெல்ல என்றார், ஒருவர் இழு என்றார், இன்னொருவர் இதற்கும் ஒரு தீர்மானம் வேண்டுமென்றார். கடைசியில் ஓட்டோ முன்சில்லைக் கம்பத்தில் மிதித்தபடி, பின்பக்கம் சரிந்து, அரைவாசி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு தொங்கியது. ஆகாயத்தைப் பற்றியும் விதியில் ஒன்றும் இல்லை. விடயம் பறுவக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நற்சான்றும் அதோடு சேர்த்து ஒத்திவைக்கப்பட்டது.

கேதீஸ்வரி தெருவில் குந்தியிருந்து அழுதாள். நல்லரத்தினம் ஓட்டமாவடியில் இருக்கிற அசனாருக்குப் போன் எடுத்தான். அசனார் செங்கல் ஏற்றுகிற சின்ன லொறிக்காரன், இரண்டுபேரும் ஒருகாலத்தில் ஒரே கராஜில் வேலை பார்த்தவர்கள்.

"வாறன் மச்சான். ஆனா உங்கட றோட்டில நான் நிப்பாட்ட மாட்டன். சபைட உழவு மெசினையே கட்டினவனுகள், என்ட லொறிய விடுவானுகளா? நான் மெதுவா வருவன், ரெண்டுபேரும் ஓடிவந்து ஏறுங்க."

மறுநாள் விடியப்போகிற வெள்ளாப்பில் லொறி வந்தது. பீற்றிஸ் சங்கிலியோடு மதிலோரம் தயாராக நின்றான். லொறி ஊர்ந்தது, ஊர்கிற வாகனம் நிற்கிற வாகனம் ஆகாது. நல்லரத்தினம் ஓடிப்போய்த் தொங்கி ஏறினான். கேதீஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஒருதடவை பிடி தவறியது. இரண்டாம் தடவை நல்லரத்தினம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துச் செங்கல் தூளுக்குள் இழுத்துப்போட்டான். பீற்றிஸும் சங்கிலியைக் கலகலக்க விட்டுக்கொண்டு பெரிய வீதி வரைக்கும் பக்கத்தில் ஓடிவந்தான். லொறி எங்காவது ஒருகணம் நிற்காதா என்று பார்த்துக்கொண்டே ஓடினான். நிற்கவில்லை.

வழிநெடுக நல்லரத்தினம் அந்த நற்சான்றையே நினைத்தான். கடிதம் கேட்பார்கள். இல்லை என்பான். பிள்ளையைத் திருப்பி உள்ளே அனுப்புவார்கள். அவள் அந்தக் காலை இழுத்துக்கொண்டு திரும்பி நடப்பதை அவன் கண்ணுக்கு முன்னால் கண்டுகொண்டே வந்தான்.

முகாமில் அவர்களுடைய அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஜி.எஸ்.ஸின் கடிதத்தை வாங்கினார்கள். கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். நல்லரத்தினம் கையெழுத்து வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

"இன்னும் என்ன?" என்று அதிகாரி தமிழில் கேட்டார்.

"வேற ஒரு கடிதமும் வேணாமா ஐயா? சங்கத்திட?"

"என்ன சங்கம்?" என்றார் அவர்.

நிருஷா ஒரு பையோடும் ஒரு ஊன்றுகோலோடும் வந்தாள். மெலிந்திருந்தாள். தாயைக் கட்டிப்பிடிக்க முன்னால், கட்டிப்பிடிக்கலாமா என்று அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். அசனார் லொறித் தட்டில் வைக்கோல் பரப்பி, மேலே தன் வீட்டுப் பாயை விரித்திருந்தான். அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தாள். கேதீஸ்வரி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நட்புறவு நகர் முனைக்கு வந்தபோது அசனார் பிறேக்கை அமத்தினான். வீதிக்குக் குறுக்கே பந்தல் போட்டிருந்தது. வாகனம் நிற்கக்கூடாத அந்த வீதி முழுக்க நீலக் கதிரைகள், வரிசை வரிசையாக, ஆட்களோடு நின்றன. ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. "எமது சங்கத்தின் அயராத முயற்சியால் மீண்டு வரும் செல்வி நிருஷாவை வரவேற்கிறோம்" என்று ஒரு பதாகை தொங்கியது.

பீற்றிஸ் சங்கிலியோடு வந்து லொறியை மறித்தான். "உள்ள வர ஏலாது. ஆள் இறக்க நிப்பாட்டோணும்தானே. இஞ்சயே இறக்குங்க."

நிருஷா இறங்கி நடந்தாள். தகப்பன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். வினாயகமூர்த்தி ஒரு மாலை போட்டார். போட்டுவிட்டு மைக்கைத் தட்டினார்.

"இந்தப் பிள்ளைய மீட்டெடுக்கச் சங்கம் பட்ட பாடு கொஞ்சமில்ல. நாங்க நற்சான்று குடுத்திருந்தா நிச்சயமா இவவ விட்டிருப்பாங்க. நாங்க குடுக்காமலே விட்டிருக்கிறாங்க எண்டா, சங்கத்தின்ட மதிப்பு எந்தளவுக்கு எண்டு யோசிச்சுப் பாருங்க."

கதிரைகள் அங்கத்தவர்களுக்கு. நிருஷா நின்றாள். பேச்சு ஒழுங்குவிதிகளின் வரலாற்றுக்குள் போனது. அவளுடைய நல்ல கால் நடுங்கத் தொடங்குவதைக் கேதீஸ்வரி கண்டாள். தாங்கிப்பிடிக்க முன்னால் அவள் மெல்லச் சரிந்து, காலை நீட்டியபடி, வீதியின் நடுவில் கிறவலில் இருந்துவிட்டாள்.

பீற்றிஸ் குனிந்தான். "தங்கச்சி, இதில இருக்க ஏலாது. எழும்புங்க."

அவள் அவனுடைய கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தாள். வரிசையாக இருந்தவர்களையும், மைக்கோடு நின்றவரையும் பார்த்தாள். சொல் கேட்டுப் பழகிய ஆளைப்போல, "மன்னிக்கோணும் சேர், கொஞ்சம் பொறுங்க, எழும்புறன்" என்றாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், உண்மையாகவே அறிய வேண்டும் என்று கேட்டாள்:

"அம்மா, இஞ்ச எத்தின மணிக்கு ஆள் எண்ணுவாங்க?"

கேதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். பீற்றிஸின் கையிலிருந்த சங்கிலி நிலத்தில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

நல்லரத்தினம் திரும்பி லொறிக்குப் போனான். அசனார் சீற்றுக்குக் கீழே கைவிட்டுப் பெரிய சுத்தியலை எடுத்து நீட்டினான். மின்கம்பத்தடிக்கு அவன் நடந்து வருவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"நல்லரத்தினம்" என்றது ஒலிபெருக்கி. "தீர்மானமில்லாமத் தொடப்படாது. நாளைக்கு உன்னப் பத்திக் கேட்டா நான் எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க ஐயா" என்றான் நல்லரத்தினம். "பேரையும் வடிவா எழுதுங்க."

ஒரே அடி. வாவிக்காற்றில் உள்ளே உக்கிப்போயிருந்த பூட்டு, பொரிமா உருண்டை போல உதிர்ந்து விழுந்தது. இவ்வளவுதானா என்று அவன் தன் கையைப் பார்த்தான். ஓட்டோ தடாரென்று மூன்று சில்லிலும் வந்து நின்றது. எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று அவன் பார்க்கவில்லை. ஏறியிருந்து இரண்டுதரம் இழுத்தான். மூன்றாம் தரம் எஞ்சின் பிடித்தது.

மைக்கில் தலைவரின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லரத்தினம் கோர்ன் அடிக்கவில்லை. மகள் இருந்த இடத்தை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். முன்வரிசையில் முதலில் ஒருவர் எழுந்து, தன் நீலக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். பிறகு அடுத்தவர். பிறகு அதற்கடுத்தவர்.